சூரியன் இல்லாத மார்கழி

நவம்பர் மாதத்தின் கடைசி வாரத்தில் துரொம்சோவில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஜனவரி நடுப்பகுதி வரை அது மேலே வராது. ஆர்க்டிக் வட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீற்றர் வடக்கே, மலைகள் சூழ்ந்த ஒரு தீவின்மேல் அமைந்த நோர்வே நகரம் இது. கணக்கின்படி சூரியன் ஜனவரி 15ஆம் திகதியளவில் எழுந்துவிட்டாலும், மலைகள் மறைத்துக்கொள்வதால் நகரத்தார் அதன் முகத்தைக் காண இன்னும் சில நாள்கள் ஆகும். 21ஆம் திகதியைத்தான் இங்கே சூரிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். இடைப்பட்ட இருட்டுக் காலத்துக்கு மோர்க்கெதீட் என்று பெயர். பனிக்காலம் ஓய்வுக்கும் தன்னைத் திரும்பிப் பார்ப்பதற்கும் உள்ளம் புதுப்பிக்கப்படுவதற்கும் உரிய பருவம் என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள். பல குளிர்காலங்களை இந்த ஊரில் கழித்தவள் என்ற முறையில், அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் உண்மை, யாருக்கு உண்மை என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சூரியன் வராத நாள்கள் முழுவதும் கும்மிருட்டாக இருப்பதில்லை. முற்பகல் பத்து மணிக்கு மேல் தெற்கு வானில் ஒரு வெளிச்சம் கசியத் தொடங்கும். நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் பனி, கடல், வீட்டுக் கூரை, எதிரே வருபவரின் முகம் எல்லாமே நீல நிறமாகிவிடும். வானம் தெளிவாக இருந்தால் மலைகளுக்கு மேலே இளஞ்சிவப்புக் கோடு ஒன்றும் தெரியும். இரண்டு மணிக்குள் எல்லாம் அடங்கித் தெருவிளக்குகள் மட்டும் மிஞ்சும். நான் பிறந்த யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் அஞ்சுகிற அளவுக்குக் குளிரும் இல்லை. அத்திலாந்திக் கடலின் வெந்நீரோட்டம் இந்தக் கரை வரை வருவதால் துறைமுகம் உறைவதே கிடையாது. ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே நான்கு பாகையளவில்தான் நிற்கும். பனிப்பொழிவு வேறு விடயம். 1997ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் திகதி இங்கே 240 சென்டிமீற்றர் உயரத்துக்குப் பனி கிடந்தது என்பது இன்றும் முதியவர்கள் பெருமையோடு சொல்லும் கணக்கு. சித்திரைப் புத்தாண்டு கழிந்து இரண்டு வாரமான பிறகு ஆளுயரத்தை மிஞ்சிய பனி என்று நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது, தொலைபேசியின் மறுமுனையில் அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

குளிர்காலத்தை ஓய்வுக் காலமாக எண்ணும் வழக்கம் நான் பிறந்த மண்ணில் இல்லை. யாழ்ப்பாணத்தில் மழையை நம்பிச் செய்யும் நெல் ஆவணி புரட்டாசியில் விதைக்கப்பட்டுத் தை மாசியில் அறுவடையாகிறது. மார்கழியில் வயல் உச்சப் பச்சையோடு நிற்கும். கதிர் தள்ளும் நேரம், வெள்ளம் நின்றால் வடிக்க வேண்டும், பன்றி வந்தால் துரத்த வேண்டும். நிலம் ஓய்வெடுப்பது கோடையில்தான். அறுவடை முடிந்து, தாள் காய்ந்து, மாடுகள் மேய, பங்குனி சித்திரை வெயிலில் மண் வெடித்துக் கிடக்குமே, அதுவே எங்கள் வயலின் உறக்கம். ஆகவே வடதுருவத்துப் பருவ ஞானத்தை அப்படியே எடுத்து எங்கள் ஊர்க் காலண்டரில் ஒட்டுவது பொருந்தாது. கொழும்பிலோ சென்னையிலோ டிசம்பர் மாதத்தில் கம்பளிக்குள் சுருண்டு கொள்ளச் சொல்லும் அறிவுரைகளைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

ஆனாலும் மார்கழியில் வேறொன்று இருந்தது. அந்த மாதத்தில் எதையும் தொடங்க மாட்டார்கள். கல்யாணப் பேச்சு நிற்கும், புது வீட்டுக்கு அத்திவாரம் போட மாட்டார்கள், குடிபுக மாட்டார்கள், யாராவது காணி பார்க்க அழைத்தால் “தை பிறக்கட்டும்” என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். வேலை நிற்கவில்லை, தொடக்கங்கள்தாம் நின்றன. அந்த இடைவெளியைக் கோவில் நிரப்பியது. கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கி மார்கழி வளர்பிறைச் சட்டி வரை இருபத்தொரு நாள்கள் பிள்ளையார் கதை படிப்பார்கள். விரதகாரர்கள் இருபத்தோரு இழை நூலைக் கையில் கட்டி ஒருபொழுது உண்பார்கள். பிறகு திருவெம்பாவை வரும். விடியுமுன் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கைக்குள் கேட்கும். அம்மம்மா தலைமாட்டில் வந்து நின்று போர்வையை இழுப்பார். அதை ஓய்வு என்று சொன்னால் அம்மம்மாவே ஒப்புக்கொள்ள மாட்டார். நாலு மணிக்கு எழுந்து முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்தவர் அவர். ஆனால் ஒரு மாதம் முழுவதும் எவரும் எவரையும் புதிதாக ஒன்றைத் தொடங்கச் சொல்லி நெருக்கவில்லை என்பதையும், அந்த விடுதலையை எந்த ஒரு மனிதரும் தனித்துக் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை என்பதையும் இத்தனை தூரம் வந்த பிறகுதான் கவனிக்கிறேன்.

துரொம்சோவின் குளிர்காலத்தில் நான் முதலில் அடையாளம் கண்டதும் இதைத்தான். நத்தாருக்கு முந்தைய நான்காவது ஞாயிற்றுக்கிழமை வந்ததும் ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டு யன்னலிலும் ஏழு சுடர் கொண்ட மின்விளக்கு வரிசை ஒன்றோ, கடுதாசி நட்சத்திரம் ஒன்றோ வைக்கப்படும். பெரும்பாலும் எங்கள் கார்த்திகை விளக்கீடும் அந்த நாள்களை ஒட்டியே வந்துவிடுவதால், யன்னலின் வெளிப்பக்கத்துக்கு அவர்களது விளக்கும் உள்பக்கத்துக்கு எங்கள் அகல்விளக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டில் இருப்பவர் பார்க்க மட்டுமன்றித் தெருவில் போகிறவருக்கும் சேர்த்தே விளக்கு வைக்கப்படுகிறது என்பது இரண்டு வழக்கங்களுக்கும் பொது. அதற்குப் பிறகு ஊரின் நடை குறைகிறது. பெரிய தீர்மானங்கள் எல்லாம் “நத்தாருக்குப் பிறகு” என்று தள்ளப்படுகின்றன; நத்தார் போனதும் “சூரியன் வந்த பிறகு” என்று இன்னொரு தவணை கிடைக்கிறது. தை பிறக்கட்டும் என்பதன் நோர்வேஜியப் பதிப்பு.

இந்தக் காலம் உடம்புக்கு எளிதானது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இருட்டில் தூக்கம் கெடுகிறது. களைப்பு பகல் முழுவதும் ஒட்டிக்கொண்டிருக்கும், படுத்தால் உறக்கம் வராது. ஒளிக் குறைவால் பருவந்தோறும் திரும்பி வரும் மனச்சோர்வை நோர்மன் ரொசென்தாலும் அவரது குழுவினரும் 1984ஆம் ஆண்டில் மருத்துவ மொழியில் விவரித்தார்கள். அதற்கு 10,000 லக்ஸ் ஒளி தரும் விளக்கின் முன் காலையில் அரை மணி நேரம் உட்காரச் சொல்வது இன்று வழக்கமான சிகிச்சை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலும் உணவு அறையில் அப்படிப்பட்ட விளக்கு ஒன்று இருக்கிறது. அடுத்தது விற்றமின் டி. எங்கள் தோலுக்கு வெயில் அதிகம் தேவைப்படும், இங்கே குளிர்காலத்தில் அது அறவே இல்லை. இலங்கையில் வாழும் இலங்கையரையும் நோர்வேயில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்ட ஆய்வொன்றில், இங்கிருப்பவர்களின் இரத்தத்தில் அந்த விற்றமின் தெளிவாகக் குறைந்திருந்தது. மாதத்தின் பெயரில் ‘ர்’ ஒலி இருந்தால் மீனெண்ணெய் குடிக்க வேண்டும் என்பது நோர்வேஜியர்களின் பழைய விதி. அதாவது செப்ரெம்பர் முதல் ஏப்ரல் வரை. கொட் மீனின் ஈரலிலிருந்து எடுத்த அந்த எண்ணெயை நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறேன். உள்ளப் புதுப்பிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கரண்டியை விட்டுவிடுகிறார்கள். அதை விட்டுவிட்டு மனத்தை மட்டும் தேற்றிக்கொள்ளப் பார்ப்பவர்களுக்குப் பெப்ரவரியில் முழங்காலும் மனமும் சேர்ந்தே வலிக்கும்.

காரி லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 2014ஆம் ஆண்டில் இங்கே வந்து தங்கி, இவ்வளவு இருட்டிலும் மக்கள் ஏன் எதிர்பார்த்த அளவுக்குச் சோர்ந்து போவதில்லை என்று ஆராய்ந்தார். குளிர்காலத்தைச் சகித்துக்கொள்ள வேண்டிய ஒன்றாக எண்ணாமல் அனுபவிக்கத்தக்க ஒன்றாக எண்ணும் மனப்பாங்கு இங்கே பரவலாக இருக்கிறது என்பதும், தெற்கே ஒஸ்லோவிலிருந்து வடக்கே சுவல்பார்ட் தீவுகளை நோக்கிப் போகப் போக அந்த மனப்பாங்கு வலுக்கிறது என்பதும் அவர் கண்ட முடிவு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மனப்பாங்கு தானாக முளைப்பதில்லை. இந்தத் தீவின் முதுகு நெடுக விளக்குக் கம்பங்கள் நட்ட பனிச்சறுக்குப் பாதை ஒன்று போகிறது. வேலை முடிந்த யாரும் இரவு எட்டு மணிக்குக்கூடத் துணிந்து அங்கே போகலாம். மேட்டிலுள்ள பிரெஸ்ட்வன்னே ஏரி உறைந்ததும் அதன் கரையில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு குடும்பங்கள் நடக்கும். குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில் ஒளிரும் பட்டி கட்டிய சிறுவர்களை இருட்டிலேயே வெளியே விளையாட அனுப்புகிறார்கள். மாலை நான்கு மணிக்கு வேலைத்தலம் காலியாகிவிடும். இவற்றுக்கெல்லாம் வரிப்பணம் செலவாகியிருக்கிறது, சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. இத்தனையும் இல்லாத ஊரில் இருக்கும் ஒருவரிடம் “உன் மனப்பாங்கை மாற்றிக்கொள்” என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஓய்வைப் பற்றி நான் கற்றுக்கொண்ட மிகப் பெரிய பாடம் ஒரு மரக்கிளையிலிருந்து கிடைத்தது. கத்தோலிக்கர் தபசு காலம் என்று சொல்லும் நாள்கள் தொடங்குவதற்குச் சற்று முன்பு, பெப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ, நோர்வேஜியர்கள் பேர்ச் மரத்தின் சிறு கிளைகளை வெட்டி வந்து, வண்ண இறகுகள் கட்டி, தண்ணீர்க் குவளையில் வைப்பார்கள். வெளியே பனி இடுப்பளவு கிடக்கும்போது வீட்டுக்குள் அந்தக் கிளைகள் பச்சை இலை விடும். எங்கள் இல்லத்தில் இருந்த மீனவக் குடும்பத்து மூதாட்டி ஒருவர் அந்தக் கிளைகளைத் தானே ஒழுங்குபடுத்துவார். ஏன் இதை ஒக்ரோபரிலேயே செய்து இருட்டுக் காலம் முழுவதும் பச்சை பார்க்கக் கூடாது என்று நான் கேட்டதற்கு, “செய்து பார்” என்று மட்டும் சொன்னார்.

செய்து பார்த்தேன். இலை கொட்டிய கையோடு வெட்டிய கிளைகளை வெப்பமூட்டியின் அருகே, விளக்கின் கீழே, நாள்தோறும் தண்ணீர் மாற்றி வைத்திருந்தேன். மொட்டுகள் எல்லாம் இருந்தன. பழுப்புச் செதிள்கள் பிசினால் ஒட்டிக்கொண்டு, விரலால் தொட்டால் சற்றே பசைபசைக்கும். ஒன்றுகூட அவிழவில்லை. வாரங்கள் போயின, தண்ணீர் நாறியது, பட்டை சுருங்கியது, கடைசியில் கிளைகள் குப்பைக்குப் போயின. பெப்ரவரியில் அதே மரத்திலிருந்து வெட்டி அதே யன்னலில் வைத்த கிளைகள் ஓரிரு வாரத்துக்குள் செதிளைத் தள்ளிக்கொண்டு, நெற்றிச் சுருக்கம் போல மடிந்த இலைகளை வெளியே நீட்டின. இரண்டுக்கும் ஒரே அறை, ஒரே வெப்பம், ஒரே தண்ணீர். இடையில் நடந்தது குளிர் ஒன்றுதான்.

இதன் காரணத்தைப் பிறகு தேடிப் படித்தேன். பகல் குறையத் தொடங்கியதும் மரம் அடுத்த ஆண்டின் இலைகளை மொட்டுக்குள் முன்கூட்டியே வகுத்து வைத்துவிட்டு உறக்கத்துக்குப் போகிறது. அப்போது மொட்டின் நுனியிலுள்ள உயிரணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் நுண்ணிய வழிகள் காலோஸ் என்ற பொருளால் அடைபடுகின்றன; ஓர் அணுவின் செய்தி அடுத்த அணுவுக்குப் போகாது. அந்த நிலையில் வெளியே எவ்வளவு இதமாக இருந்தாலும் மொட்டு அசையாது. வாரக்கணக்காகக் குளிர் பட்ட பிறகுதான், அந்த அடைப்பைக் கரைக்கும் நொதிகள் உருவாகி வழிகள் திறக்கின்றன. நோர்வேயின் ஓஸ் நகரத்து உயிர்வாழ்வியல் பல்கலைக்கழகத்தில் இந்த அடைப்பையும் திறப்பையும் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆப்பிளுக்கும் செரிக்கும் இதே கதைதான். பல வகைகள் ஆயிரம் மணி நேரமளவுக்குக் குளிரில் நிற்காவிட்டால் ஒழுங்காகப் பூக்க மாட்டா. அப்படியானால் மரத்தின் குளிர்காலம் இரண்டு பகுதிகளால் ஆனது. முதற்பகுதியில் அது எழுப்பினாலும் எழாது. ஜனவரியளவில் உறக்கம் உள்ளுக்குள் கலைந்துவிடுகிறது. அதன் பிறகு அது விழித்தபடியே வெப்பத்துக்காகக் காத்து நிற்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மொட்டை மரந்தான்.

எனக்கு இது பெரிய செய்தியாக இருந்தது. களைத்துப்போன ஒருவரைத் தேற்ற நாம் உடனே வெப்பத்தைக் கொண்டு வருகிறோம். சுற்றுலா, விருந்து, புது வகுப்பு, புது வருடத் தீர்மானம், உற்சாகமூட்டும் பேச்சு. முதற்பகுதியில் நிற்பவருக்கு இவற்றில் எதுவும் உள்ளே போவதில்லை. இரண்டாம் பகுதியில் நிற்பவருக்கு ஒரு சிறு அழைப்பே போதும். ஆனால் ஒருவர் எந்தப் பகுதியில் நிற்கிறார் என்று பிறர் சொல்ல முடியாது, அவராலேயே பல நேரம் சொல்ல முடியாது. அப்பா இறந்த ஆண்டின் குளிர்காலத்தில் என்னை வெளியே இழுத்துப் போகப் பலர் நல்லெண்ணத்தோடு வந்தார்கள். நானும் போனேன், சிரித்தேன், வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். உடன் வேலை செய்த நோர்வேஜியப் பெண் ஒருத்தி மட்டும் வந்து, கதைக்காமல் கம்பளி பின்னிக்கொண்டிருந்துவிட்டுப் போவாள். அவளுடைய வருகைதான் எனக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருந்தது.

குளிர் முடியுமுன் வெப்பம் வந்தால் என்ன ஆகும் என்பதையும் இந்த வடக்கு நிலம் ஒருமுறை காட்டியிருக்கிறது. 2007ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்கண்டிநேவியாவின் வடபகுதியில் சில நாள்களுக்குப் பருவத்துக்கு ஒவ்வாத வெப்பம் அடித்தது. பனி கரைந்தது, அதன் கீழே பாதுகாப்பாகக் கிடந்த தரைச்செடிகள் குளிர் தாங்கும் திறனைத் தளர்த்திக்கொண்டன, உடனே உறைபனி திரும்பி வந்தது. அடுத்த கோடையில் ஆயிரம் சதுரக் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பரப்பில் செடிகள் பழுப்பு நிறமாகச் செத்துக் கிடந்ததைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணக்கிட்டார்கள். இப்போதெல்லாம் இங்கே டிசம்பரில் மழை பெய்கிறது. மழை உறைந்து தரையில் பனிக்கட்டித் தகடாகிவிட்டால் துருவமான்களால் கீழேயுள்ள பாசியைத் தோண்டித் தின்ன முடிவதில்லை.

துருவமான்களைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். இருட்டுக் காலத்தில் அவற்றுக்கு இரவு பகல் என்ற ஒழுங்கே இல்லாமல் போய்விடுகிறது என்று துரொம்சோப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டில் எழுதினார்கள். பசித்தால் தின்னும், பிறகு படுக்கும், மறுபடி எழும், கடிகாரம் இல்லை. 2023ஆம் ஆண்டு இறுதியில் வெளியான இன்னொரு ஆய்வில், அவை அசைபோடும் வேளையில் மூளையில் பதிவாகும் அலைகள் ஆழ்ந்த உறக்கத்தின் அலைகளை ஒத்திருந்தன என்றும், அதிகம் அசைபோட்ட மானுக்கு உறக்கம் குறைவாகவே தேவைப்பட்டது என்றும் தெரியவந்தது. கரடி இன்னும் ஒருபடி மேல். மாதக்கணக்காகக் குகையில் உண்ணாமல், குடிக்காமல், சிறுநீர் கழிக்காமல் கிடக்கிறது. இதயம் நிமிடத்துக்குப் பத்துத் தடவையளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்த நிலையிலேயே, ஜனவரியை ஒட்டி, பெண் கரடி குட்டி ஈன்று பாலும் கொடுக்கிறது. குளிர்கால ஓய்வை உவமையாக எடுத்தாள்பவர்கள் கரடியின் தூக்கத்தைப் பேசுகிறார்களே தவிர, அந்தத் தாயின் வேலையைப் பேசுவதில்லை.

உள்ளுக்குள் நடப்பது என்ன என்று கேட்டால், என்னால் சொல்லக்கூடியது கொஞ்சந்தான். பழைய கணக்குகள் தாமாக எழுந்து வருகின்றன. கோடையில், இரவு பன்னிரண்டு மணிக்கும் வெயில் எரியும் ஊரில், ஒருவருக்கும் யோசிக்க நேரம் இல்லை. மே இறுதியிலிருந்து ஜூலை வரை மக்கள் வேலி அடிக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், மலை ஏறுகிறார்கள், தூங்க மறுக்கிறார்கள். டிசம்பரில் கைவேலை குறைந்ததும், பதில் எழுதாத கடிதங்களும் முடிக்காமல் விட்ட பேச்சுகளும் வரிசையில் வந்து நிற்கின்றன. இதை நான் முதியோர் இல்லத்தில் தெளிவாகப் பார்க்கிறேன். கோடையில் வானிலை பற்றி மட்டும் பேசுகிறவர்கள், இருட்டுக் காலத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிய மேசையில் இரண்டாவது கோப்பைக் கோப்பி முடியும் தறுவாயில், கடலில் போன அண்ணனைப் பற்றியோ, 1944இல் ஜேர்மன் படை பின்வாங்கியபோது எரிக்கப்பட்ட, நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க் பகுதியின் வீடுகளைப் பற்றியோ பேசத் தொடங்குவார்கள். எரிந்த வீட்டைப் பற்றிக் கேட்க எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இப்படிப்பட்ட பேச்சு குறிப்பேடு வாங்கி, தலைப்பிட்டு, ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதினால் வருவதன்று. இப்போது சந்தையில் விற்கும் “குளிர்காலச் சுயபரிசோதனை” ஏடுகள்மீது எனக்கு நம்பிக்கையில்லாமைக்கு அதுவே காரணம். கேள்வி பட்டியலில் இல்லாதபோதுதான் உண்மையான விடயம் வருகிறது.

இதையெல்லாம் என் மச்சாளிடம் சொன்னால் அவர் ஒரே வார்த்தையில் தட்டிவிடுவார். எண்பதுகளில் இலங்கைத் தமிழர் பலர் பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தார்களே, அந்தத் தலைமுறை அவர். பேரண்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிடுவதற்காகக் கரையை நோக்கி வரும் கொட் மீன்களின் காலம் ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை. லொபோத்தன் தீவுகளின் பெரிய மீன்பிடி நூற்றாண்டுகளாக நடுக்குளிரில்தான் நடக்கிறது. அந்த மீனைத் தடிகளில் தொங்கவிட்டு உலர்த்துவதும் பெப்ரவரிக் குளிரை நம்பித்தான். பகல் இல்லாத நாள்களில் பனிக்கட்டித் தண்ணீருக்குள் கை வைத்து மீன் அரிந்தவர்களுக்கு, இது ஓய்வுக் காலம் என்று யாரும் சொல்லவில்லை. அவருடைய விரல் மூட்டுகள் இன்றும் நவம்பர் வந்ததும் வீங்குகின்றன. விடியற்காலை மூன்று மணிக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவர், ஆஸ்பத்திரித் தாதி, இரவு வேலைக்குப் போகும் நான், எங்கள் உழைப்பின்மேல்தான் மற்றவர்களின் மெழுகுவர்த்தி மேசை நிற்கிறது. ஊர் முழுவதும் மெதுவாக நடக்க வேண்டுமானால், யார் யாருக்கு அது கிடைக்கவில்லை என்பதையும் பார்த்து முறை வைத்துப் பகிர வேண்டும். எங்கள் இல்லத்தில் இருட்டுக் கால இரவுப் பணியைச் சுழற்சியில் போட வேண்டும் என்று நாங்கள் தொழிற்சங்கக் கூட்டத்தில் கேட்டது இந்த எண்ணத்தில்தான். பாதி கிடைத்திருக்கிறது.

தைப்பொங்கல் இங்கே விசித்திரமான நாள். சூரியனுக்குப் படைக்கும் பண்டிகை, சூரியன் எழாத ஊரில் வருகிறது. வானியல் கணக்கின்படி இருட்டுக் காலம் முடியும் நாளும் தை முதலாம் திகதியும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. யாழ்ப்பாணத்தில் முற்றத்தில் கோலமிட்டு, மூன்று கல் வைத்து, கிழக்குப் பார்த்துப் பானை ஏற்றுவோம். இங்கே மின்சார அடுப்பில் பொங்கி, எந்தத் திசை பார்ப்பது என்று ஒவ்வோர் ஆண்டும் சிறு விவாதம் நடக்கும்; நான் தெற்கு யன்னலைப் பார்த்துப் படைக்கிறேன், நீல வெளிச்சம் அங்கிருந்துதானே வருகிறது. சூரியன் வடக்கு நோக்கித் திரும்புகிறது என்று தை மாதத்தைப் பற்றிச் சிறுவயதில் படித்தது எனக்கு வெறும் சொல்லாக இருந்தது. இங்கே நாளுக்கு நாள் வெளிச்சம் நீள்வதைக் கண்ணால் காணலாம்.

சூரிய நாளன்று பள்ளிப் பிள்ளைகள் மேட்டில் ஏறி நிற்பார்கள். பேக்கரிகளின் வாசலில் பழக்கூழ் அடைத்துப் பொரித்த சூரியப் பணியாரத்துக்காக வரிசை நிற்கும். முகில் மூடியிருந்தால் சூரியன் தெரியாது, பணியாரம் எப்படியும் தீர்ந்துவிடும். எங்கள் ஊர்த் தமிழர்களின் பொங்கல் ஒன்றுகூடலை இதுவரை ஜனவரி நடுவில் மண்டபம் எடுத்துச் செய்துவந்தோம். ஒத்திகை, சமையல், அலங்காரம் என்று நத்தார் விடுமுறை முழுவதும் அதற்கே போய்விடும். அதைப் பெப்ரவரிக்குத் தள்ள வேண்டும் என்று சிலர் சென்ற கூட்டத்தில் முன்மொழிந்தோம். பொங்கலைத் தையில் கொண்டாடாமல் மாசியிலா கொண்டாடுவது என்று மூத்தவர்கள் கோபித்தார்கள், அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. வீட்டுப் பொங்கல் தை ஒன்றில், மண்டப விழா தை மாதத்துக் கடைசிச் சனிக்கிழமையில் என்று இப்போதைக்கு முடிவாகியிருக்கிறது. ஒத்திகைகள் சூரிய நாளுக்குப் பிறகுதான் தொடங்கும்.